கியர் பாக்ஸைப் பிரித்துப் பார்த்த ஊர்

மதுரையை அடுத்த ஒத்தக்கடை டாக்ஸி ஸ்டாண்டில் நின்ற அம்பாசடர்களில் எது வருகிறது என்று எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். மேலூர் ரோட்டிலிருந்து திருமோகூர் ரோட்டுக்குத் திரும்பும் முக்கில் எல்லா வண்டியும் மூணாவதிலிருந்து ரெண்டாவதுக்கு இறங்கியாக வேண்டும். அப்போது ஒவ்வொரு கியர் பாக்ஸும் ஒவ்வொரு விதமாகக் குரல் கொடுக்கும். ஒன்று முனகும், ஒன்று கரகரக்கும், ஒன்றில் கியர் விழும்போதே ‘டொக்’கென்று கேட்கும். அப்பா ஓட்டியது மார்க் 4, டீசல் வண்டி. அதில் ரெண்டாவது கியரில் மட்டும் மெல்லிசாக ஓர் ஊளை. அந்த ஊளை காதில் விழுந்த பிறகுதான் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவார்.

ஊரை விட்டுப் போனவர்கள் ஆனைமலையைச் சொல்லி ஏங்குவார்கள், நரசிங்கப் பெருமாள் கோயில் குளத்தைச் சொல்லி ஏங்குவார்கள். மலை அங்கேயேதான் படுத்திருக்கிறது, குளமும் இருக்கிறது. எனக்கு அந்த ஊளைதான் வேண்டும். அதைக் கேட்டதும், “ரெண்டாவது பல்லு தேஞ்சிருக்குண்ணே. இன்னும் ஒரு வருசம் ஓடும், பயப்படாம ஓட்டுங்க” என்று அப்பாவிடம் சொன்ன ஒரு மனிதர் இருந்த ஊர் வேண்டும்.

அவரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். நரசிங்கம் போகிற பாதையில் ஒரு புளியமரம், அதை ஒட்டித் தகரக் கூரை, தரையெல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்த மண். அதுதான் பட்டறை. வாத்தியாருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் டி.வி.எஸ். பஸ் பட்டறையில் இருந்தவர். மதுரைப் பக்கம் வண்டித் தொழிலில் யாரைத் தொட்டாலும் நூல் அங்கேதான் போய் முடியும். டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய கம்பெனி பஸ் மட்டும் விடவில்லை, ஒரு நட்டைக் கழற்றினால் அதைத் துடைத்து எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்கிற ஒழுங்கையும் இந்த ஊருக்குக் கற்றுக் கொடுத்தது. 1972இல் அந்த பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பஸ்ஸின் நிறமும் பெயரும் மாறின. கழற்றிய போல்ட்டை வரிசையாக அடுக்கும் பழக்கம் மட்டும் கை மாறிக் கை மாறி வாத்தியார் பட்டறை வரைக்கும் வந்திருந்தது.

வாத்தியார் முதலில் ஸ்பேனரைத் தொட மாட்டார். “ஸ்டார்ட் பண்ணி நியூட்ரல்ல விடுங்கண்ணே” என்பார். சத்தம் வரும். “இப்பக் கிளட்ச்ச மிதிங்க.” மிதித்ததும் சத்தம் அடங்கினால் கியர் பாக்ஸுக்கு உள்ளே போகிற ஷாஃப்ட்டின் பேரிங் போயிருக்கிறது. மிதித்தால்தான் சத்தமே வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். பிறகு அப்பாவை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஒரே ஒரு கியரில் ஊளை கேட்டால் அந்தப் பல்லில் தேய்மானம். ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாவற்றிலும் கேட்டு, டாப்பில் போட்டதும் அடங்கிவிட்டால் லே ஷாஃப்ட். ஏனென்றால் டாப்பில் என்ஜினின் சுழற்சி நேராகப் பின்னால் போய்விடும், லே ஷாஃப்ட்டின் மேல் பாரமே இராது. பிடியை விட்டதும் கியர் தானாக நியூட்ரலுக்குத் தெறித்தால் பாலும் ஸ்பிரிங்கும், அல்லது பூட்டுகிற பல் மழுங்கல். இத்தனையும் காதும் கையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஒத்தக்கடையிலிருந்து விவசாயக் கல்லூரி வாசல் வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் சொல்லிவிடுவார். அடுத்த நாள் பிரித்துப் பார்த்தால் அதேதான் இருக்கும்.

நான் அங்கே வெட்டிப் போட்ட லாரி டயரின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். பெண் பிள்ளைக்குப் பட்டறையில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு அப்பா பதிலே சொன்னதில்லை. வாத்தியார் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டு, வேலை இல்லாத நேரத்தில் பாடமே நடத்துவார். நான் அங்கே பார்த்ததில் இரண்டைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது எண்ணெய். கியர் பாக்ஸின் அடிப் போல்ட்டைத் திறந்து, பழைய 90 நம்பர் ஆயிலை அகலமான தகரத் தட்டில் வடிப்பார்கள். வாத்தியார் தட்டை வெயிலுக்குக் கொண்டுபோய் மெல்லச் சாய்ப்பார். கறுத்த எண்ணெய்க்குள் மஞ்சளாகப் பொடி மின்னினால் அது பித்தளை. கியர் உரசாமல் விழ வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாக மின்னினால் இரும்பு, பல்லிலிருந்தோ பேரிங்கிலிருந்தோ வருகிறது. விரலில் ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரலோடு தேய்ப்பார். நெறுநெறுவென்றால் கவலை, வழவழவென்றால் கவலையில்லை. பெட்டியைத் திறக்காமலே உள்ளே நடப்பதை அந்தத் தட்டு சொல்லிவிடும்.

இரண்டாவது, லே ஷாஃப்ட்டை மறுபடி பூட்டுகிற வேலை. அதற்குள்ளே தீக்குச்சியை விடச் சின்னதாக ஊசி ரோலர்கள் வரிசையாக நிற்க வேண்டும். துளையின் உள் சுவரில் கிரீஸைப் பூசி, ஒவ்வொரு ரோலராக ஒட்டி நிறுத்துவார். வட்டம் முழுசாகும்போது கடைசி ரோலர் இறுக்கமாக உள்ளே போகும். பிறகு அவரே லேத்தில் கடைந்து வைத்திருந்த ஒரு பொய் ஷாஃப்ட்டை நுழைத்து, ரோலர்கள் சரியாமல் பிடித்து, அதைத் தள்ளிக்கொண்டே நிஜ ஷாஃப்ட்டை ஏற்றுவார். அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் பேசக் கூடாது. ஒரு ரோலர் கீழே விழுந்தால் மண்ணெண்ணெயில் கழுவி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பித்தளை ரிங்கைப் புதிதாகப் போடும்போது அதைக் கூம்பின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் திருகிப் பார்ப்பார். கவ்வினால் சரி. ரிங்குக்கும் பல்லுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து இடைவெளியைப் பார்ப்பார். என் விரலையும் பிடித்து அந்த ரிங்கின் உள் வரிகளைத் தடவிப் பார்க்க வைத்திருக்கிறார். நகத்தில் தட்டுகிற மாதிரி கூர்மையாக இருக்க வேண்டும், வழுக்கினால் தூக்கிப் போட வேண்டும்.

அம்பாசடரில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒண்ணாவதுக்கு இறங்க வேண்டுமென்றால் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துக் கியரைப் போட வேண்டும். டபுள் கிளட்ச். அழகர்கோயில் மலைமேல் பழமுதிர்சோலைக்கு ஏறும் வளைவுகளில், பின் சீட்டில் ஐந்து பேரும் மடியில் இரண்டு பிள்ளைகளும் இருக்க, அப்பா ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த கை கியரில் இதைச் செய்வார். ஒரு ‘கர்ர்’ கூடக் கேட்காது. ஓட்டுகிறவரின் கையும் காதும் கியர் பாக்ஸின் ஓர் உறுப்பாகவே இருந்தன.

அந்த ஏற்பாட்டில் அப்பா ஒன்றை மட்டும் மன்னிக்கவே மாட்டார். சிக்னலிலோ மேட்டிலோ பிரேக் பிடிக்காமல், கிளட்ச்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து வண்டியை நிறுத்தி வைப்பது. “அரைக் கிளட்ச்ல நிக்காத. பிளேட்டு வெந்துரும்.” எனக்கு வண்டி ஓட்டப் பழக்கியபோது அவர் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான். கிளட்ச் பிளேட் தேய்வது முழுசாகக் கவ்வியிருக்கும்போதோ முழுசாக விலகியிருக்கும்போதோ அல்ல. வழுக்கிக்கொண்டே கவ்வுகிற அந்த நடு நிலையில்தான் அது சூடாகும், கருகும்.

2014ஆம் வருடத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பிப்ரவரியில் டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டா வாகனக் கண்காட்சியில் மாருதி செலரியோவை இறக்கியது. கிளட்ச் மிதி இல்லாமல், சாதாரண குடும்பம் வாங்கக்கூடிய விலையில் ஏ.எம்.டி. கியர். மே மாதம் கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. ஒரே வருடத்தில், மூன்று மாத இடைவெளியில், ஒரு கதவு திறந்து இன்னொன்று மூடியது. அதற்குள் ஒத்தக்கடையும் வேறு ஊராகியிருந்தது. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை வந்தது, நாலு வழிச் சாலை வந்தது, வயல்கள் பிளாட் ஆயின. டாக்ஸி ஸ்டாண்டு சுருங்கி, பிறகு இல்லாமலே போனது.

ஏ.எம்.டி.யை நான் குறை சொல்ல மாட்டேன். அது பழைய கியர் பாக்ஸேதான், அதே பல், அதே கிளட்ச் பிளேட். அப்பாவின் இடது காலும் கையும் செய்ததை ஒரு கம்ப்யூட்டரும் அழுத்தக் கருவியும் செய்கின்றன. கியர் மாறும்போது தலை ஒரு முறை முன்னால் ஆடும், அவ்வளவுதான். கோளாறு வந்தாலும் வாத்தியார் போன்ற ஒருவருக்குப் பாதியாவது புரியும். வண்டிகள் அதோடு நிற்கவில்லை. ஏழு கியர், எட்டு கியர், இரட்டைக் கிளட்ச் என்று போய்க்கொண்டே இருந்தன.

கியரின் எண்ணிக்கை ஏன் ஏறியது என்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. என்ஜின் ஒரு குறிப்பிட்ட சுழற்சியில்தான் குறைந்த எரிபொருளில் நிறைய வேலை செய்யும். கியர்கள் நெருக்கமாக இருந்தால் அந்த இடத்தை விட்டு அது நகர வேண்டியதில்லை. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த ஹைட்ராமேட்டிக்கில் நாலு கியர். 2003இல் மெர்சிடிஸ் ஏழு கியருக்குப் போனது, 2009இல் ஜெர்மனியின் இசட்.எஃப். எட்டு கியர் பெட்டியை பி.எம்.டபிள்யூ.வுக்குக் கொடுத்தது, 2013இல் ஒன்பது, 2017 மாடல் ஃபோர்டு எஃப்-150இல் பத்து. எண்ணிக்கை கூடினாலே உடையும் என்று சொல்வது சரியில்லை. இசட்.எஃப்.பின் எட்டு கியர் பெட்டி நல்ல பெயர் வாங்கியது. அதன் ஒன்பது கியர் பெட்டிதான் ஜீப் செரோக்கியை 2013இல் பாடாய்ப் படுத்தியது. தயாரான வண்டிகள் விற்பனைக்குப் போகாமல் மாதக்கணக்கில் நின்றன, கியர் மாற்றும் மென்பொருளைத் திருத்தித் திருத்தி எழுத வேண்டியிருந்தது. அந்த மென்பொருள்தான் அப்பாவின் கை இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. எப்போது தட்ட வேண்டும், எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதை அப்பாவுக்குப் பழமுதிர்சோலை ஏற்றம் கற்றுக் கொடுத்தது. ஒரு கம்ப்யூட்டருக்கு அதை உலகத்தின் எல்லா ரோட்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே எழுதி வைப்பது லேசான காரியம் இல்லை.

எங்கள் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் அதிகம் சங்கடப்பட்டது உலர் இரட்டைக் கிளட்ச்தான். அந்த ஏற்பாட்டின் அழகை முதலில் சொல்ல வேண்டும். ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களுக்கு, இன்னொன்று 2, 4, 6க்கு. மூன்றாவதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காவது பூட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒரு கிளட்ச் விட மறு கிளட்ச் பிடிக்கும். கியர் மாறியதே தெரியாது. நாலு வழிச் சாலையில் திருச்சிக்குப் போகும்போது அதைப் போலச் சுகம் எதுவும் இல்லை. அதே வண்டி காலை பத்து மணிக்கு, கோர்ட்டுக்குப் போகிற கார்களும் ஷேர் ஆட்டோக்களும் காலேஜ் பஸ்களும் நெரிகிற மாட்டுத்தாவணி – ஒத்தக்கடை ரோட்டில் வந்தால் என்ன ஆகும்? ஊர்ந்து ஊர்ந்து நகர வேண்டும். பழைய டார்க் கன்வெர்ட்டர் பெட்டியில் இந்த ஊர்தலை எண்ணெய் தாங்கிக்கொள்ளும். உலர் கிளட்ச்சில் பிளேட்டே வழுக்கிக்கொண்டு நிற்க வேண்டும், சூட்டை வாங்கிக்கொண்டு போக அதைச் சுற்றி எண்ணெயும் கிடையாது. அப்பா பொறுக்கவே பொறுக்காத அந்த அரைக் கிளட்ச்சை நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் இந்தக் கம்ப்யூட்டரின் வேலையே.

நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். ஏழு கியர். சித்திரை வெயிலில், ஹைகோர்ட் வாசலுக்கு எதிரே, கியர் பாக்ஸ் சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்து என்று திரையில் எழுத்து வந்தது. நிறுத்தினேன், ஆறியது, கிளம்பினேன். சில மாதம் கழித்து இரட்டைப்படைக் கியர்கள் ஒன்றும் விழவில்லை. ரிவர்ஸும் இல்லை. ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குத் தாவித் தாவி வீடு வந்து சேர்ந்தேன். ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சர்வீஸ் சென்டரில் ஒரு தம்பி, நல்ல பையன், லேப்டாப்பைச் செருகிப் பார்த்துவிட்டு, “யூனிட்டையே மாத்தணும் மேடம்” என்றார்.

“உள்ள என்ன போயிருக்குப்பா?”

“அது தெரியாது மேடம். கோடு வந்திருக்கு. இந்தக் கோடு வந்தா யூனிட் மாத்தச் சொல்லியிருக்காங்க.”

“பிரிச்சுப் பார்க்கலாமில்ல?”

“நாங்க பிரிக்கக் கூடாது மேடம்.”

செலவைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. அந்த ‘கூடாது’தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தத் தம்பியின் விரல்கள் சுத்தமாக இருந்தன. அவருக்குத் தெரிந்துகொள்ள ஆசை இருப்பது கண்ணிலேயே தெரிந்தது. அவர் முன்னால் இருந்த பெட்டியை அவருக்கு யாரும் திறந்து காட்டவில்லை.

அப்பாவுக்கு இப்போது முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இடது கால். எத்தனையோ வருடம் அந்தக் கால் கிளட்ச் மிதித்தது. மாட்டுத்தாவணி நெரிசலில் ஒரு நாள் ஓட்டினாலும் என் இடுப்பு சொல்லும், அந்த மிதியின் பாரம் எவ்வளவு என்று. ஆட்டோமேட்டிக் வந்த பிறகுதான் எங்கள் தெருவில் வயதான பெண்கள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். இடது கால் ஊனமான ஒருவர் தானே ஓட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வருகிறார். அவர்களிடம் போய் அந்தக் கால் மிதியைத் திரும்பக் கொண்டுவா என்று கேட்க எனக்கு வாய் வராது. இயந்திரத்தின் நோய் ஊருக்குள்ளேயே தீர்ந்த காலம் ஒன்று இருந்தது. அதற்குத்தான் ஏங்குகிறேன்.

இது ஒத்தக்கடையின் சங்கடம் மட்டுமில்லை. 2013 மார்ச் 15, நுகர்வோர் நாளன்று சீன அரசுத் தொலைக்காட்சி ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் டி.எஸ்.ஜி. இரட்டைக் கிளட்ச் பெட்டியைப் பற்றி நிகழ்ச்சி ஒளிபரப்பியது. சில நாட்களிலேயே அங்கே 3,84,181 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. அதே நவம்பரில் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களை அழைத்து, செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் எண்ணெயை ஊற்றினார்கள். சூடும் ஈரமும் உள்ள ஊர்களில், நின்று நின்று போகும் நெரிசலில், செயற்கை எண்ணெயோடு பெட்டியின் மின் பகுதியில் கோளாறு வரலாம் என்பது காரணம். இதைப் படித்தபோது எனக்கு வாத்தியாரின் தகரத் தட்டு ஞாபகம் வந்தது. அத்தனை ஆராய்ச்சிக்கூடம் வைத்திருக்கிற கம்பெனியும் கடைசியில் எண்ணெயைத்தான் வந்து பார்க்க வேண்டியிருந்தது.

ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் கதை எனக்கு இன்னும் வலிக்கிறது, அது நம் மண்ணையும் தொட்டுப் போனதால். ஆறு கியர், உலர் இரட்டைக் கிளட்ச். வெளிநாடுகளில் ஃபோகஸ், ஃபியஸ்டா வண்டிகளில் கிளம்பும்போது உடல் நடுங்குகிற மாதிரி அதிர்வு வந்தது. ஷாஃப்ட் சீல் வழியாக எண்ணெய் கசிந்து உலர்ந்திருக்க வேண்டிய பிளேட்டை நனைத்தது ஒரு காரணம், கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் செயலிழந்தது இன்னொன்று. அமெரிக்காவில் வழக்குக் குவிந்தது. ஆஸ்திரேலியாவில் 2018 ஏப்ரலில் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அந்த வழக்கில் ஃபோகஸ், ஃபியஸ்டாவோடு ஈகோஸ்போர்ட்டும் இருந்தது. முறையிட்டு வந்த வாடிக்கையாளர்களிடம், நீங்கள் ஓட்டுகிற விதத்தால்தான் இந்த அதிர்வு வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். கோளாறு இருப்பது கம்பெனிக்குத் தெரிந்திருந்த நிலையிலேயே. அப்பாவைப் போல வாழ்நாளெல்லாம் ஓட்டிய ஒருவரிடம், உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சொல்வதற்கு ஈடான அவமானம் ஒன்று உண்டா?

அதே பவர்ஷிஃப்ட் 2013இல் சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டிலும் வந்தது. 2017 நவம்பரில் அந்த வண்டியைப் புதுப்பித்தபோது இரட்டைக் கிளட்ச்சை எடுத்துவிட்டு, டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆறு கியர் பெட்டியைப் பூட்டினார்கள். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது, மறுவருடம் மறைமலை நகர் ஆலையும் ஓய்ந்தது. நல்ல கைகள் அங்கே இருந்தன. மேலூர், வாடிப்பட்டிப் பக்கமிருந்து டிப்ளமோ படித்துவிட்டுப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். பூட்டத் தெரிந்த அந்தக் கைகளுக்கு, பூட்டியதைத் திறந்து பழுது பார்க்கிற வேலை எங்கேயும் கிடைக்கவில்லை.

புதிய பெட்டிகள் சிலவற்றில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியே கிடையாது. ஆயுளுக்கும் எண்ணெய் மாற்ற வேண்டாம் என்று கார்க் கம்பெனிகள் சொல்லி விற்றன. பெட்டியைச் செய்த இசட்.எஃப்.போ தன் எட்டு கியர் பெட்டிக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில், எண்ணெய் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுளுக்கு அந்த எண்ணெய்? வாரண்டியின் ஆயுளுக்கு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அப்பாவின் வண்டியில் எண்ணெய் மாற்றிய தேதியை வாத்தியார் பட்டறைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைப்பார். கட்சிச் சின்னம் வரைய வந்தவர்கள் கூட அந்தச் சுவரை விட்டுவிட்டுப் போவார்கள்.

வாத்தியார் கடைசியாகப் பிரித்தது எந்த வண்டி என்று எனக்குத் தெரியாது. அம்பாசடர்கள் குறைந்தபோது ஜீப்பும் மினி லாரியும் பார்த்தார். புது வண்டிகள் வந்தால் பானெட்டைத் தூக்கி, பிளாஸ்டிக் மூடியைப் பார்த்துவிட்டு, “இது நமக்கு இல்லண்ணே, கம்பெனிக்கே கொண்டு போங்க” என்று மூடிவிடுவார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது என்று அப்பா சொல்வார். கண் மங்கிய பிறகு பட்டறையை விட்டுவிட்டார். புளியமரம் ரோடு அகலப்படுத்தியதில் போயிற்று. அந்த இடத்தில் இப்போது ஒரு பேக்கரி இருக்கிறது. வக்கீல் குமாஸ்தாக்கள் டீ குடிக்கிறார்கள். டீ நன்றாகத்தான் இருக்கிறது.

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு இறுதியில் அதற்காக ஓர் இணையதளமும் தொடங்கியது. கார்களும் அதில் அடக்கம். அதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு படபடத்தது. எந்தக் கம்பெனியின் கையேட்டையும் ஒத்தக்கடையில் இருக்கிற ஒருவன் விரித்து வைத்துக்கொண்டு, எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று பார்க்கிற நாள் வந்தால் அது எவ்வளவு பெரிய காரியம்! கையேடு மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியின் பழக்க வழக்கம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போக வேண்டும். அதற்கு யாராவது முதலில் ஒன்றைப் பிரித்தாக வேண்டும்.

ஒருவன் பிரித்திருக்கிறான். கே.புதூர் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவன். என் வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு அவனாகவே வந்தான். “அக்கா, அந்தப் பழைய யூனிட்ட அவங்க திருப்பிக் குடுத்தாங்களா?” என்றுதான் முதலில் கேட்டான். கொடுக்கவில்லை. அதனால் விபத்தில் நசுங்கிய ஒரு வண்டியிலிருந்து இரட்டைக் கிளட்ச் பெட்டி ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்திருக்கிறான். திருமோகூர் ரோட்டில் வாடகை ஷெட், கீழே பழைய பிளக்ஸ் பேனரை விரித்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் பக்கத்தில் மார்க்கரால் நம்பர் போட்டு வைத்திருந்தான். அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். “ஐ.டி.ஐ.ல ஒரு சார்க்கா” என்றான்.

கிளட்ச் பிளேட் இரண்டையும் எடுத்து என் கையில் கொடுத்தான். ஒன்று நீலம் பாய்ந்து போயிருந்தது, சூட்டில் வெந்த இரும்பின் நீலம். இன்னொன்று ஏறக்குறையப் புதுசு. முதல் கியரில் ஊர்ந்த பக்கம்தான் வெந்திருக்கிறது என்று அவனே கண்டுபிடித்து வைத்திருந்தான். “யூனிட்டே மாத்த வேண்டியதில்லக்கா. இந்த பிளேட்டும் சீலும் மட்டும் போட்டா ஓடும். ஆனா பூட்டும்போது உயரம் அளந்து தகடு வைக்கணும். அளக்குற கேஜும், இழுத்து எடுக்குற புல்லரும் வேணும். அது இல்லாமப் பூட்டுனா மறுபடி நடுங்கும்.”

வாத்தியார் மாதிரி லேத்தில் கடைந்துகொள்ள முடியாதா என்று கேட்டேன். புல்லரைக் கடையலாம், கேஜ் மட்டும் துல்லியமானதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றான். கோயம்புத்தூரில் ஒருவர் பழைய செட் ஒன்றை விற்பதாகச் சொன்னான், விலையையும் சொன்னான். அப்பா அன்றைக்கு என்னோடு வந்திருந்தார். காலை நீட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த நீலம் பாய்ந்த பிளேட்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, பாதிப் பணத்தை நான் தருகிறேன், மீதியை நீ பார்த்துக்கொள் என்று அவனிடம் சொன்னார். அடுத்த வாரம் கோயம்புத்தூர் போகிறான்.